மஞ்சள்... கறுப்பு... மருமகன்!

சங்கரன்கோவில்காரனுக்குச் சத்தம் ஒரு பிரச்னையே இல்லை. தெருவுக்குத் தெரு விசைத்தறி. 'சடக்... சடக்...'கென்று தறி ஓடினால்தான் எங்களுக்குத் தூக்கமே வரும். ராத்திரி கரண்ட் போய்த் தறி நின்றதோ, தொட்டில் பிள்ளை திடுக்கிட்டு எழுந்து அழும்!

அப்படிப்பட்ட ஊரில் 'சத்தம் ஜாஸ்தி' என்று ஒருவனை நிறுத்திவிட்டார்கள் என்றால் நம்புவீர்களா? அது வேறு யாருமில்லை, என் அக்கா மகன்தான். எங்கள் சபையின் வாலிபர் பாட்டுக்குழுவில் டிரம்ஸ் வாசித்தவன். கமிட்டி கூடியது, தீர்மானம் போட்டது. "தம்பி, இது கோவிலா, சினிமா கொட்டகையா? எடுத்து ஓரமா வையும்" என்றார் ஒரு பெரியவர்.

பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. குச்சி இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனவன்தான். நாலு மாசமாகக் கோவில் வாசலை மிதிக்கவில்லை. அக்கா ஞாயிறுதோறும் டிரம்ஸ் இருந்த மூலையைப் பார்ப்பாள், முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். "நீ தாய்மாமன்லா, நீ சொன்னா கேப்பாம்ல" என்று என்னை விரட்டினாள்.

போனேன். மாடியில் உட்கார்ந்து செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். நாலு வெள்ளைக்காரர்கள். தோள்வரை தலைமுடி. உடம்பு பூரா மஞ்சளும் கறுப்புமாகக் கோடு.

"என்னல இது, புலியாட்டக் கோஷ்டியா?"

"மாமா, இது ஸ்ட்ரைப்பர். ஹெவி மெட்டல் குழு. ஆனா பாடுறது ஏசப்பாவைப் பத்தி!"

அவன் சொன்ன கதை இது. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ஆரஞ்ச் கவுண்டிக்காரர்கள் ராபர்ட் ஸ்வீட்டும் மைக்கேல் ஸ்வீட்டும். அண்ணன் டிரம்ஸ், தம்பி பாட்டும் கிடாரும். 'ராக்ஸ் ரெஜீம்' என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். 1983-ல், இனி வாசித்தால் ஆண்டவருக்குத்தான் என்று தீர்மானித்துப் பேரை மாற்றினார்கள். ஏசாயா 53:5-ல் 'தழும்பு' என்று வருகிறதே, பழைய ஆங்கில பைபிளில் அதற்கு 'ஸ்ட்ரைப்' என்று பெயர். சவுக்கடித் தழும்புக்கும் அதே சொல், கோட்டுக்கும் அதே சொல். அதுதான் அந்த மஞ்சள் கறுப்பு வரி!

மற்ற மெட்டல் குழுக்கள் மேடையில் மண்டையோட்டையும் சாத்தானையும் காட்டிக்கொண்டிருந்த காலம். இவர்களோ கூட்டத்துக்குள் புதிய ஏற்பாட்டுப் புத்தகங்களை வீசினார்கள். ராபர்ட் டிரம்ஸைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு, தான் வாசிப்பது ஜனங்களுக்குத் தெரியும்படி உட்கார்ந்தார். 1986-ல் வந்த 'டு ஹெல் வித் த டெவில்' ஆல்பம் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது சும்மாவா? மெட்டல் ரசிகர்களில் பலர் 'பிரசங்கிக் கோஷ்டி' என்று சிரித்தார்கள். டி.வி. பிரசங்கியார் ஜிம்மி ஸ்வாகர்ட்டோ, இது தேவனுக்கு அடுத்த காரியமே அல்ல என்று கண்டித்தார். 1990-ல் மஞ்சள் கறுப்பைக் கழற்றிவிட்டு ஓர் ஆல்பம் போட்டார்கள். 1992-ல் மைக்கேல் விலகினார், குழு கலைந்தது. 2003-ல் மறுபடி கூடினார்கள். 2024-லும் புது ஆல்பம் வந்திருக்கிறது.

"பாத்தியளா மாமா, அவங்களுக்கே இந்தக் கதிதான்" என்றான் மருமகன்.

"அமெரிக்காவுக்கு ஏம்ல போற? நம்ம திருநெல்வேலிக்காரர் கதையக் கேளு" என்றேன்.

வேதநாயக சாஸ்திரியார். 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே ஸ்வார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய்ப் படிக்கவைத்தார். கோயில்களிலும் அரண்மனையிலும் ஆடிப்பாடிய குறவஞ்சியை எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார் சாஸ்திரியார். பின்னால் வந்த மிஷனரிகள் ஆராதனையில் தமிழ்க் கீர்த்தனைக்குத் தடை போட்டார்கள். 1829-ல் அவர் எழுதிய முறையீடுகளில் இதுவும் ஒன்று. (அதே முறையீட்டில் சாதி வித்தியாசத்துக்கும் வாதாடினார். அந்தப் பக்கத்தில் எனக்குச் சம்மதமில்லை.) ஆனால் 1853-ல் எட்வர்ட் வெப் என்ற அமெரிக்க மிஷனரியே கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். சாஸ்திரியார் பாட்டுகள் அதில் ஏராளம். இன்றைக்குக் கீர்த்தனை இல்லாத ஆராதனை உண்டா?

அதற்கப்புறம் பறைக்கு வந்தது தடை. சாவு வீட்டு மேளம் கோவிலுக்குள் வரலாமா என்றார்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரிப் பேராசிரியர் தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்ற பேரில் கிராமத்து மெட்டில் வழிபாட்டுப் பாட்டுகள் எழுதினார். பறையையும் உள்ளே அழைத்துவந்தார். அவர் 2005-ல் காலமானார். பறை ஒலிக்கிறது.

மறுநாள் இந்தக் கதை முழுவதையும் கமிட்டியிடம் போய்ச் சொன்னேன். "அது சரிவே அண்ணாச்சி, காது வலிக்கே?" என்றார் பெரியவர். நியாயமான கேள்வி! அவருக்கு எழுபத்தெட்டு வயது.

"வலிச்சா சத்தத்தைக் கொறைக்கச் சொல்லுவோம், அண்ணாச்சி. பிள்ளையக் கொறைச்சா திரும்பக் கூட்ட முடியுமா? அதோட 150-ம் சங்கீதத்துல ரெண்டு விதமான கைத்தாளம் சொல்லியிருக்கு. ஒண்ணு சத்தமா அடிக்கது, இன்னொண்ணு அதவிடச் சத்தமா அடிக்கது!"

ஐயர் சிரித்துவிட்டார். "சிவன் பெருசா, பெருமாள் பெருசான்னு சங்கனும் பதுமனும் சண்டை போட்டு, பாதிப் பாதியாத் தீர்ந்த ஊருவே இது. நாமளும் பாதியில முடிப்போம்" என்றார். தீர்ப்பு: மாதத்தில் ஒரு ஞாயிறு டிரம்ஸ், குச்சி நுனியில் துணி சுற்றி!

துணி சுற்றச் சொன்னதில் மருமகனுக்கு மூஞ்சி சுருங்கியது. ஆனாலும் வந்தான். சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்றுக்கே வாசித்தான். அக்கா அன்றைக்கும் கண்ணைத் துடைத்தாள், அது வேறு கணக்கு.

நான் கவனித்தது பெரியவரை. முகத்தை உம்மென்று வைத்திருந்தார். கால் பெருவிரல் மட்டும் தாளம் தப்பாமல் ஆடிக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன்.

"கால் மரத்துப் போச்சுவே... அதான்!" என்றார்.