படுவான்கரைக்கு ஒரு மாலைப் பயணம்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை. மேற்குக் கரை படுவான்கரை. சூரியன் எழும் பக்கம், படும் பக்கம் என்று என்ன அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்! வெல்லாவெளி படுவான்கரையில் இருக்கிறது. களுவாஞ்சிக்குடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தால் பஸ்ஸிலும் போகலாம். ஆனால், குருமண்வெளித் துறையில் 'பாதை' ஏறி மண்டூர் வழியாகப் போவதே பழைய வழக்கம். ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்லும் தட்டையான மிதவைக்குத்தான் இங்கே பாதை என்று பெயர்.

அஸர் தொழுதுவிட்டு ஏறினால் எதிரே சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும். ஆழமற்ற வாவி, கடலைப் போல் தூக்கிப் போடாது. வெக்கை தணிந்த காற்று முகத்தில் பட, மூச்சு தானாகவே நிதானமாகும். தூக்கத்துக்கு உடலைத் தயார்ப்படுத்தும் மெலட்டோனின் ஒளி மங்கினால்தான் நன்றாகச் சுரக்கும். வீட்டில் நாம் பிரகாசமான விளக்குகளைப் போட்டு அதைத் தடுத்துவிடுகிறோம். அடுப்படி, பிள்ளைகளின் பாடம், விருந்தாளி என்று ஓடும் சகோதரிகளுக்கு அந்தச் சிறிது நேரம் ஒரு வேலையும் இல்லை. நாவு திக்ரில் இருக்கும். நீரில் கப்பல் செல்வதை அல்லாஹ்வின் அத்தாட்சியாகக் குர்ஆன் பல இடங்களில் சொல்வதும் நினைவுக்கு வரும்.

1990இல் நடந்த படுகொலைகளுக்குப் பின் எழுவான்கரை முஸ்லிம்கள் பலர் படுவான்கரையிலிருந்த தங்கள் வயல்களுக்கே போக முடியவில்லை. வாவியைக் கடப்பதென்றால் நெஞ்சு படபடத்த காலம் அது. போர் 2009இல் முடிந்தது. பயமின்றித் தண்ணீரைப் பார்த்து நிற்பது எத்தகைய நிஃமத் என்று அந்த நாட்களைக் கண்ட உம்மாமாரைக் கேளுங்கள்.

மஃரிபுக்கு முன் கரை சேர்ந்துவிடுங்கள். திரும்பும் கடைசிப் பாதை எத்தனை மணிக்கென்று துறையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் நிற்கும் சிறு பிள்ளைகளின் கையை விடவே வேண்டாம்.