உறவும் உரிமையும்
உள்ளூர் நிறுவனங்களில் உழைப்போர் பற்றிச் சில எண்ணங்கள்

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்” என்பது யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அரசாங்க உத்தியோகத்தின்மீது எம்மவர் கொண்டுள்ள மோகத்தை நகையாடுவதற்கே இதனைப் பலரும் எடுத்தாள்வர். 2017ஆம் ஆண்டில், வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன்னால் தொடர் போராட்டம் நடத்தியபோதும் இந்நகைப்பு எழவே செய்தது. உள்ளூரில் எத்தனையோ நிறுவனங்கள் இருக்க, அரசாங்க வேலைதான் வேண்டுமா எனக் கேட்டனர் சிலர். கேள்வி நியாயமானதே. ஆயின், அதற்கான விடை பட்டதாரிகளின் மனப்பாங்கில் மாத்திரம் அடங்கியதன்று; உள்ளூர் நிறுவனங்களின் நடைமுறையிலும் அடங்கியுள்ளது.

இங்கு உள்ளூர் நிறுவனம் என யான் கருதுவது, எம்மவர் ஒருவரோ சிலரோ முதலிட்டு, எமது ஊர்களிலேயே நடத்தும் கடை, அச்சகம், ஆலை, பட்டறை, அண்மைக்காலத்தில் தோன்றியுள்ள மென்பொருள் நிலையம் போன்றவற்றையாகும். இவற்றுக்குப் பெருங் கம்பனிகளுக்கு இல்லாத ஒரு சிறப்புண்டு. முதலாளி தொழிலாளியைப் பெயர் சொல்லி அறிவார். அவரது வீட்டு நன்மை தீமைகளிலும் பங்கு கொள்வார். இந்த நெருக்கமே உள்ளூர் நிறுவனத்தின் உயிர்நிலை எனலாம். அதன் பெருங்குறையும் இதனிடத்தேதான் பிறக்கின்றது.

எனது தந்தையார் 1997ஆம் ஆண்டு தொடக்கம் இருபத்திரண்டு ஆண்டுகள் நகரத்து வணிக நிலையமொன்றிலே கணக்கெழுதினார். பதினேழு பேர் அங்கு வேலை செய்தனர். அந்நிலையத்தின் பெயர் இங்கு வேண்டுவதன்று. முதலாளி நல்ல மனிதர். எனது பாட்டியார் நோயுற்றபோது வைத்தியச் செலவு முழுவதையும் அவரே ஏற்றார். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எமது வீட்டுக்குப் புத்தாடை வரும். அக்காவின் திருமணத்தில் முதல் மொய் அவருடையதே. தந்தையாரை அவர் “தம்பி” என்றே அழைப்பார். தந்தையார் அவரை “அண்ணை” என்பார். 2019இல் முதலாளி காலமானார். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து கடையை விற்றனர். தந்தையார் ஒரு மாதச் சம்பளத்துடனும் கடைச் சுவரில் மாட்டியிருந்த மணிக்கூட்டுடனும் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

சட்டப்படி அவருக்கு என்ன கிடைத்திருக்க வேண்டும்? 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்கீழ், இன்றைய விகிதப்படி ஊழியர் சம்பளத்தில் 8 வீதத்தைச் செலுத்த, தொழில்தருநர் 12 வீதத்தைச் செலுத்துதல் வேண்டும். 1980இல் ஏற்பட்ட ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் மேலும் 3 வீதம் செலுத்தவேண்டும். பதினைந்து பேருக்குக் குறையாதோர் பணியாற்றும் இடத்தில் ஐந்து ஆண்டுகளேனும் உழைத்தவருக்கு, ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பள வீதம் பணிக்கொடை அளிக்கவேண்டுமென்பது 1983ஆம் ஆண்டின் சட்டம். இக்கணக்கின்படி பணிக்கொடை மாத்திரம் பதினொரு மாதச் சம்பளம். சேமலாப நிதியில் முதலாளி பங்கு, வட்டியை விடுத்தே, முப்பத்தொரு மாதச் சம்பளத்தை விஞ்சும். பிறருடைய கணக்குகளை ஐந்து சதம் பிசகாது எழுதிய கையினால் தந்தையார் இந்தக் கணக்கை ஒருநாளும் எழுதியதில்லை.

சட்டம் அவருக்குத் தெரியாததன்று. தொழில் திணைக்கள அலுவலகமும் தொலைவில் இல்லை. ஆயினும் அவர் கேட்கவில்லை. கேட்டால் அது உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதாகும் என அவர் எண்ணினார். அந்நியர் ஒருவரிடம் உரிமையாகக் கேட்கக்கூடியதை அண்ணையிடம் கேட்க நா எழவில்லை. முதலாளியும் வஞ்சகர் அல்லர். தாம் கொடுத்ததெல்லாம் போதுமானது என்றே அவர் மனமார நம்பியிருத்தல் வேண்டும். ஆனால் அவர் கொடுத்தவை அவரது மனத்தைப் பொறுத்தவை. கொடுக்கவேண்டியவையோ அவரது மனத்தைப் பொறுத்தவையல்ல. அவர் மறைந்ததும் அந்த மனமும் மறைந்தது. எஞ்சியிருக்க வேண்டியது ஏடு ஒன்றே. அந்த ஏடு இருக்கவில்லை.

பழமொழியின் உட்பொருள் இவ்விடத்திற் புலனாகின்றது. கோறணமேந்தில் சம்பளம் கூடுதல் என்பதாலன்று எம் மூதாதையர் அதனை நாடியது. அங்கு மாதச் சம்பளமும் விடுமுறையும் ஓய்வூதியமும் எவருடைய தயவிலும் தங்கியிருக்கவில்லை என்பதே காரணம். தயவை நாடாது வாழ்தலே மானம் என அவர்கள் கருதினர்.

அவ்வாறாயின், உள்ளூர் நிறுவனம் அத்தகைய மானத்தை அளிக்கமுடியாதா? முடியும் என்பதற்கு எனது சின்னம்மா வேலை செய்யும் இடம் சான்று. வடமராட்சியில் மிளகாய்த்தூள், ஊறுகாய், பனங்கட்டி முதலியவற்றைப் பொதிசெய்யும் சிறு நிலையம் அது. பதினெட்டுப் பெண்கள் அங்கு உழைக்கின்றனர். நடத்துபவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. சம்பளம் வழங்கும் தேதி சுவரில் எழுதப்பட்டுள்ளது. ஒவ்வொருவர் பெயரிலும் சேமலாப நிதிக் கணக்கு உண்டு. உறவினர் என்று எவருக்கும் தனிச் சலுகை இல்லை. சாதி கேட்டு எவரையும் அமர்த்துவதும் இல்லை. யாவரும் ஒரே குவளையில் தேநீர் அருந்துவர். எம்மூரில் இது சிறிய காரியம் அன்று.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளும் எரிவாயுவும் கிட்டாது தொழில் தடைப்பட்டது. அவ்வேளை ஆசிரியை கணக்கேட்டை எல்லோர் முன்னிலையிலும் விரித்து, உள்ளது இவ்வளவே, என்ன செய்வோம் எனக் கேட்டாராம். சைக்கிளில் வரக்கூடியோர் வாரத்தில் நான்கு நாள் வருவது, சம்பளக் குறைப்பு நடத்துபவர் உட்பட யாவர்க்கும் ஒரே வீதத்தில் அமைவது, நிதிக்கான பங்கினை நிறுத்தாதிருப்பது எனத் தீர்மானித்தனர். எவரும் நிறுத்தப்படவில்லை. “கணக்கைக் காட்டினவா, அது போதும்” என்று சின்னம்மா கூறியது இன்றும் என் செவியில் உள்ளது. நெருக்கம் இங்கும் உண்டு. அந்நெருக்கம் உரிமைக்குப் பதிலாக நில்லாது உரிமையின்மேல் எழுந்து நிற்கின்றது.

இது எமக்குப் புதியதோர் மரபும் அன்று. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலே ஒருவர் பத்திரிகையையோ நாவலையோ உரத்து வாசிக்க, ஏனையோர் கேட்டுக்கொண்டே சுருட்டுச் சுற்றிய வழக்கத்தை முதியோர் அறிவர். சுற்றிய சுருட்டின் தொகைக்கே கூலி பெற்ற அவர்கள், கைகள் இயங்கும்போது செவியும் சிந்தனையும் தமக்கே உரியவை என நிலைநாட்டினர். 1970களில் சீவல் தொழிலாளர் தமது கூட்டுறவுச் சங்கங்களின் மூலம் கள் விற்பனையை நடத்தத் தொடங்கியபோது, தவறணைக் குத்தகைக்காரரின் தயவில் வாழ்ந்தவர்கள் சங்கத்தின் அங்கத்தவர் ஆயினர். கூட்டங்களில் எழுந்து கணக்குக் கேட்கும் நிலை அவர்களுக்கு வாய்த்தது. தொழிலில் நேர்ந்த மாற்றத்தினும் இம்மாற்றம் பெரிது.

உரிமை ஏட்டில் இருந்துவிட்டால் மாத்திரம் ஒரு வேலைத்தலம் சிறந்ததாகிவிடாது என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். அரசாங்கக் கந்தோர்களிலே சகல உரிமைகளோடும் செய்வதற்கு ஒன்றுமின்றி இருந்து சலித்த பட்டதாரிகளை நாம் அறிவோம். உள்ளூர் நிறுவனத்தில் தான் செய்த பொருள் சந்தைக்குச் செல்வதை உழைப்பவர் கண்ணாற் காணலாம். ஒருவரே கொள்வனவு, கணக்கு, விற்பனை எனப் பலவற்றையும் பழகலாம். அவ்வாறு பழகியவர் நாளை வேறிடம் செல்லக்கூடும். அதற்கு அஞ்சித் தொழில் நுட்பத்தை மறைத்துவைப்போர் பலர். சின்னம்மாவின் நிலையத்திற் பழகிய இருவர் இன்று தனித்துத் தொழில் நடத்துகின்றனர். ஆசிரியை அவர்களிடம் பொருளும் வாங்குகின்றார்.

ஆகவே, பட்டம் பெற்று வெளியேறும் எம் மாணவருக்கு ஒன்று கூறலாம். உள்ளூர் நிறுவனமொன்றில் வேலைக்குச் செல்லுமுன், முதலாளி எப்படிப்பட்டவர் என விசாரிப்பது எமது வழக்கம். அத்துடன் அமையாது, அங்கிருந்து விலகியவர் எவ்வாறு விலகினார், எதைக் கொண்டு சென்றார் என்றும் விசாரியுங்கள். நிறுவனம் நடத்துவோர்க்கும் ஒன்றுண்டு. உங்கள் நல்ல மனத்தை எவரும் ஐயுறவில்லை. அதனை உங்களுக்குப் பின்னும் நிலைக்கக்கூடியதாக ஏட்டில் எழுதிவையுங்கள். அப்பொழுது கோழி மேய்ப்பதற்கு எவரும் கோறணமேந்தைத் தேடிப்போகார்.