அஞ்ஞானி என்பவர் யார்?



ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி பழைய நூலொன்றைக் கொண்டுவந்து, "ஐயா, சிலையை வணங்குவோரை இதில் அஞ்ஞானிகள் என்று எழுதியிருக்கிறார்கள். என் பாட்டி அஞ்ஞானியா?" என்று வினவினாள். உடனே விடை கூற இயலவில்லை.

'ஞானம்' எனும் வடசொல்லின் முன் மறுப்பைக் குறிக்கும் 'அ' சேர்ந்து பிறந்தது அஞ்ஞானம். அறியாமை என்பது அதன் பொருள். சைவ நூல்களில் அது உயிர்களுக்குப் பொதுவான குறை. கிறித்தவச் சமயப் பரப்பாளர்களின் எழுத்திலோ, சிலை வணங்குவோருக்கே உரிய பெயராயிற்று. சீகன்பால்கு 1713இல் தரங்கம்பாடியில் அச்சிட்ட சிறுநூலின் தலைப்பிலேயே 'அக்கியானம்' எனும் வடிவம் இடம்பெற்றுள்ளது.

வியப்பு யாதெனில், அதே 1713இல் அவர் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் விரிவான நூலொன்றையும் எழுதினார். அது சென்னையில் அச்சேறியது 1867இல்தான். அந்நூலுக்கான செய்திகளைத் தமிழர்களின் கடிதங்களிலிருந்தும் ஏடுகளிலிருந்தும் திரட்டினார். அறியாதவர் என்று பெயரிட்டவர்களிடமே அவர் பாடம் கேட்டிருக்கிறார்!

மறுநாள் இதனை மாணவியிடம் கூறி, "பிள்ளையாரைப் பற்றிப் பாட்டியிடம் கேட்டு எழுதி வா" என்றேன். இரண்டு பக்கங்கள் எழுதி வந்தாள். அவற்றுள் நான் அறியாதனவும் இருந்தன.

பிற சமயத்தாரை நம் வீடுகளில் எச்சொல்லால் குறிக்கிறோம்? பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சிந்திப்போம்.