ஆணா, பெண்ணா?

திங்கள், காலை 9.20

இரவு எட்டுக்கு ஆம்புலன்ஸில் ஏறி, காலை எட்டரைக்கு இறங்கினேன். ஷிஃப்ட் 12 மணி நேரம்தான். மாற்று ஆள் வரத் தாமதம். மொத்தம் ஐந்து கேஸ், நாலாவது பிரசவம். உளுந்தூர்பேட்டைக்கு இன்னும் ஆறேழு கிலோமீட்டர் இருக்கும்போதே தலை தெரிந்துவிட்டது. "அண்ணே, ஓரம் கட்டுங்க" என்றேன். பைலட் அண்ணன் வண்டியை நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

3.42-க்குக் குழந்தை. துடைத்ததும் அழுதது. தொப்புள்கொடித் துடிப்பு அடங்கும்வரை பொறுத்து, இரண்டு கிளாம்ப் போட்டு நடுவில் வெட்டினேன். தாயின் மார்பில் கிடத்திப் போர்த்தினேன். முதல் நிமிடம் ஒருமுறை, ஐந்தாவது நிமிடம் ஒருமுறை நிறம், நாடி, மூச்சு எல்லாம் பார்த்து மார்க் போட்டேன். கை அதுபாட்டுக்குச் செய்தது.

ஆஸ்பத்திரி வாசலில் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன குழந்தைம்மா?" என்றார். ஃபாரத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

புதன்

பகலில் தூக்கம் இல்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்தால் என் கால் ஷூவைத் தேடுகிறது. மாமியார் சாப்பிடக் கூப்பிட்டதற்கு எரிந்து விழுந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தட்டை மூடி வைத்துவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

வெள்ளி, அதிகாலை

பைபாஸில் பைக் விபத்து. ரத்தம் பார்த்துப் பார்த்து எங்களுக்கு அலுத்துப்போகும் என்று ஊரில் நினைக்கிறார்கள். ரத்தம் ஆறு மாதத்தில் பழகிவிடும். பழகாதது இன்னொன்று. கேசுவால்டியில் படுக்கை காலி இல்லை. ஆளை எங்கள் ஸ்ட்ரெச்சரிலேயே போட்டு வைத்துப் பார்த்தார்கள். அது திரும்பி வராமல் வண்டியை எடுக்க முடியாது. 55 நிமிடம் சுவரோரம் நின்றேன். அதற்குள் அடுத்த கால் இரண்டு முறை வந்தது. கடைசியில் போய்ச் சேர்ந்தபோது, அந்த வீட்டுக்காரர் "செத்தப்புறம் வரலாம்னு இருந்தீங்களா?" என்று கத்தினார். அவர் கேட்டது நியாயம். எனக்கு வருத்தமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஸ்ட்ரெச்சர் பெல்ட்டின் பக்கிளில் காய்ந்திருந்த ரத்தத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றேன்.

சனி

போனில் தேடிப் படித்தேன். இதற்கு 'பர்ன்அவுட்' என்று பெயராம். 1974-இல் நியூயார்க்கில் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பகலில் சொந்த கிளினிக், ராத்திரியில் இலவச மருத்துவமனை என்று அவரே ஓடி ஓய்ந்தவர். எங்கள் ஜாதிதான். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் மூன்று அடையாளம் சொல்லியிருக்கிறது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனசு விலகி நிற்பது, நாம் செய்வதில் பிரயோஜனமில்லை என்று தோன்றுவது. இரண்டாவதைப் படிக்கும்போது பாட்டியின் பிடி ஞாபகம் வந்தது.

கீழேயே இன்னொரு வரி: இது நோய் அல்ல, வேலை சார்ந்த ஒரு நிலை. சரி. நோயே இல்லாத ஒன்றுக்கு மெடிக்கல் லீவு கேட்பது எப்படி?

ஞாயிறு

நான்கு நாள் லீவுக்கு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. 'காய்ச்சல்' என்று போட்டேன்.

பைலட் அண்ணன் வாங்கிப் படித்தார். "நானும் போன மாசம் இதையேதான் எழுதினேன்" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.