படிக்காமல் விட்ட சீட்டு

பங்க்சர் கடைப் பையன் பின்பக்க இடது சக்கரத்தைக் கழற்றி என் முன்னால் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். ஆணி குத்திய இடத்தைக் காட்டப்போகிறான் என்று நினைத்தேன். அவன் டயரைத் திருப்பி, வண்டிக்கு அடியில் மறைந்திருக்கும் உள்பக்கத்தைக் காட்டினான்.

“இத வெச்சுக்கிட்டா சார் ஓட்டினீங்க?”

உள் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை. கம்பி வெளியே தெரிந்தது. ஆனால் வெளிப்பக்கம் பட்டன் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நின்று பார்க்கிற யாருக்கும் சந்தேகம் வராது. வலது சக்கரத்தையும் கழற்றச் சொன்னேன். அதுவும் அப்படியே.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் மனைவியையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் திண்டிவனம் வரை போய் வந்திருந்தேன். பேத்தி பின்சீட்டில் இடது பக்கம். வரும் வழியெல்லாம் அந்தச் சக்கரத்துக்கு மேலேதான் தூங்கிக்கொண்டு வந்தாள். அதை நினைத்ததும் பங்க்சர் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

இது நடந்தது 2019-இல். இத்தனைக்கும் வண்டியை நான் கவனிக்காமல் விட்டவன் அல்ல. எட்டு மாதத்தில் இரண்டு தடவை வீல் அலைன்மென்ட் செய்திருந்தேன். இரண்டு சீட்டும் டேஷ்போர்டு பெட்டிக்குள் மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தன. அன்று இரவு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் தடவையாக அவற்றைப் படித்தேன். முன் சக்கரங்கள் எல்லாம் பச்சை. பின் சக்கரங்களுக்கு ‘டோ’ என்ற வரியில் இரண்டு பக்கமும் சிவப்பு. பூஜ்யத்துக்கு மேல் 0.3 டிகிரிக்குள் இருக்க வேண்டியது கழித்தல் 0.8 என்று இருந்தது. இரண்டு சீட்டிலும் அதே எண்.

தணிக்கைத் துறையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவன் நான். அடுத்தவர் வவுச்சரில் ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் பிடித்துவிடுவேன். என் பேத்தி உட்காரும் வண்டியின் சீட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை.

‘டோ’ என்பது வேறொன்றுமில்லை. நாம் நடக்கும்போது பாதம் நேராக இருக்கிறதா, உள்பக்கம் மடங்குகிறதா, வெளிப்பக்கம் விரிகிறதா என்பதுபோல, சக்கரத்துக்கும் ஒரு பார்வை உண்டு. கழித்தல் என்றால் வெளிப்பக்கம் விரிந்திருக்கிறது என்று அர்த்தம். 0.8 டிகிரி கண்ணுக்குத் தெரியாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் சுமார் 14 மீட்டர் பக்கவாட்டில் தரையோடு தேய்ந்துகொண்டு போகிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவு விரிந்திருந்ததால் வண்டி இடதிலோ வலதிலோ இழுக்கவில்லை. ஸ்டியரிங் நேராகவே இருந்தது. அதனால்தான் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அலைன்மென்ட் கடையில் போய்க் கேட்டேன். கடைப் பையன் சாவகாசமாகச் சொன்னான்: “பின்னாடி போல்ட் ஜாம் சார். அசையவே இல்ல. முன்னாடி மட்டும் பண்ணி விட்டோம்.” காசு என்னவோ நாலு சக்கரத்துக்கும் வாங்கியிருந்தார்கள். சண்டை போடத் தெம்பில்லை. வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு பாயிடம் போனேன்.

பாய் எங்களுக்கு இருபது வருடப் பழக்கம். குழிக்குள் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தவர், “வெள்ளத்துல நின்ன வண்டிதானே சார் இது?” என்றார்.

ஆமாம். டிசம்பர் 2015. வேளச்சேரியில் எங்கள் தெருவில் தண்ணீர் வடிய நாலு நாள் ஆனது. வண்டி கதவு வரைக்கும் முழுகி நின்றது. அதற்குப் பிறகு எஞ்சினைப் பிரித்துப் பார்த்தோம், சீட்டை மாற்றினோம், நாற்றம் போக ஒரு மாதம் கதவைத் திறந்துவைத்தோம். அடியில் இருக்கும் போல்ட்டை யார் நினைத்தார்கள்?

என்னையும் குழிக்குள் இறக்கிக் காட்டினார். பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்மின் ஒரு முனையில் ரப்பர் புஷ். அதன் நடுவில் ஓர் இரும்புக் குழாய். அந்தக் குழாய்க்குள் நுழைந்து போகிற போல்ட்டின் தலையில் இருக்கும் வாஷர், மையம் தள்ளி இருக்கும். போல்ட்டைத் திருப்பினால் ஆர்ம் ஒரு சில மில்லிமீட்டர் உள்ளே வெளியே நகரும். அதை வைத்துத்தான் சக்கரத்தின் பார்வையைச் சரிசெய்வது. வெள்ளத் தண்ணீர் குழாய்க்கும் போல்ட்டுக்கும் நடுவில் புகுந்து துருவேறி, இரண்டும் ஒன்றாகிவிட்டது.

பாய் நட்டைத் தளர்த்திவிட்டு ஸ்பேனர் போட்டு போல்ட்டைத் திருப்பினார். திரும்பியது. “அதான் வருதே பாய்!” என்றேன். ஸ்பேனரை விட்டார். போல்ட் பழைய இடத்துக்கே வந்து நின்றது. “போல்ட் திரும்பல சார். ரப்பர்தான் முறுக்கிக்குது” என்றார்.

“கேஸ் வெச்சு சூடு பண்ணினா?”

“பக்கத்துல என்ன இருக்குன்னு பாத்தீங்களா?” டார்ச்சைத் திருப்பினார். பெட்ரோல் டேங்க்.

கம்பி பிரஷ் போட்டு மரையைத் தேய்த்தார். துரு இளக்கும் எண்ணெயை இரண்டு முனையிலும் விட்டார். காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் முதலில் இறுக்குகிற பக்கம் துளி அசைத்து, பிறகு கழற்றுகிற பக்கம் துளி அசைப்பார். நட்டைப் போல்ட்டின் நுனி மட்டத்துக்கு நிறுத்திவைத்துச் சுத்தியலால் லேசாகத் தட்டுவார். நட்டு இல்லாமல் தட்டினால் நுனி மலர்ந்து மரை கெட்டுவிடும் என்றார். இப்படியே மூன்று நாள். நானும் தினம் போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். ரிடையர் ஆனவனுக்கு வேறென்ன வேலை?

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். பையன் சாப்பிடப் போயிருந்தான். நான் தனியாக இருந்தேன். மூன்று நாளாக ஒரு பைப்பை மாட்டி ஓர் அழுத்து அழுத்தினால் வந்துவிடுமே என்று எனக்கு அரித்துக்கொண்டிருந்தது. பாயிடம் இரண்டு தடவை சொல்லியும் பார்த்தேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. பைப் சுவரில் சாய்ந்து கிடந்தது.

இடது பக்கப் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, ஸ்பேனரில் பைப்பை மாட்டி, உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு இழுத்தேன். முதலில் ரப்பர் முறுக்கியது. பிறகு கெட்டியாக நின்றது. பிறகு ‘டக்’ என்று சத்தம். வந்துவிட்டது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். போல்ட்டின் தலை மட்டும் ஸ்பேனரோடு என் கையில் இருந்தது. முழங்கையில் தோல் உரிந்து ரத்தம்.

பாய் வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. முழங்கைக்கு டிஞ்சர் எடுத்துக் கொடுத்துவிட்டு, ஹேக்ஸா பிளேடை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார். புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் இருக்கும் சின்ன சந்தில் பிளேடை விட்டு இரண்டு பக்கமும் அறுத்தார். மூன்று பிளேடு, இரண்டரை மணி நேரம். ஆர்மைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், பழைய புஷ்ஷைப் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளிப் புதுசு போட்டு வந்தார்கள். புது போல்ட்டுக்காக ஜி.பி. ரோடில் மூன்று கடை ஏறி இறங்கினேன். இரண்டாக வாங்கி வந்தேன்.

வலது பக்கம் நான் கை வைக்கவில்லை. ஆறாம் நாள் சாயந்திரம் பாய் வழக்கம்போலத் துளி அசைத்தபோது ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் வந்தது. ஸ்பேனரை விட்டார். போல்ட் விட்ட இடத்திலேயே நின்றது. அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன். புஷ்ஷும் ஆர்மும் பிழைத்தன. போல்ட் மட்டும் அரித்துப் போயிருந்ததால் மாற்றினோம்.

புது போல்ட்டின் உடம்பு முழுக்க கிரீஸ் தடவித்தான் உள்ளே விட்டார். கடைசி இறுக்கை வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் உட்கார்ந்த பிறகு போட்டார். தூக்கிவைத்தபடியே இறுக்கினால், இறக்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடுமாம்.

பிறகு இரண்டு புது டயர். வேறு கடையில் அலைன்மென்ட். கம்ப்யூட்டர் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பின்பக்கம் இரண்டும் சிவப்பிலிருந்து பச்சைக்கு வந்தன. சீட்டை வாங்கி அங்கேயே வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன்.

நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். வண்டி நிற்கும்போது டயரின் உள்பக்கமும் கை விட்டுத் தடவிப் பாருங்கள். அலைன்மென்ட் சீட்டில் பின் சக்கரத்து வரியைப் படியுங்கள். சிவப்பாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். வெள்ளம் பார்த்த வண்டியாக இருந்தால் அந்தப் போல்ட்டுகளை வருடத்துக்கு ஒரு தடவை தளர்த்தி கிரீஸ் போடச் சொல்லுங்கள்.

உடைந்த போல்ட் தலை என் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க உதவுகிறது. பாய் இப்போதும் வெள்ளிக்கிழமை என்னைப் பார்த்தால், “சார் வந்திருக்காரு, பைப்ப உள்ள வெச்சுட்டு வாடா” என்று பையனிடம் சொல்லிவிட்டுத்தான் தொழுகைக்குப் போகிறார்.

திண்டிவனம் போய் வந்த டயரைப் பற்றி வீட்டில் நான் இன்னும் சொல்லவில்லை. முழங்கைக் காயத்துக்குப் படிக்கட்டில் வழுக்கியதாகச் சொல்லியிருக்கிறேன். அவள் இதைப் படிக்கமாட்டாள் என்கிற தைரியத்தில் எழுதிவிட்டேன்.