ஜம்போவின் இறக்கை நுனி

ஜப்பானிய விமானங்களின் படத்தொகுப்பு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஒரே கம்பெனியின் வர்ணம் பூசிய இரண்டு ஜம்போ விமானங்கள் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சாகியிருக்கக் கண்டேன். இரண்டும் போயிங் 747-400 வகை. ஆனால் ஒன்றின் இறக்கை நுனியில் ஆறடித் தகடு ஒன்று மேல்நோக்கிச் சாய்ந்து நிற்க, மற்றதன் இறக்கை மொட்டையாக முடிந்திருந்தது. ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் இப்படியொரு பேதம் ஏன் என்ற சந்தேகம் என்னை விடாமல் பற்றிக்கொள்ளவே, அந்தத் தகட்டின் பூர்வோத்தரத்தைத் தேடத் தொடங்கினேன்.

விங்லெட் என்பது அதன் பெயர். பறக்கும் விமானத்தின் இறக்கைக்குக் கீழே காற்றின் அழுத்தம் மிகுதி, மேலே குறைவு. ஆகவே கீழ்க்காற்று நுனியைச் சுற்றி மேலேறி, பின்னால் பெருஞ் சுழலாக நீள்கிறது. ஈரம் மிகுந்த ஒரு விடியற்காலையில், விமானம் தரையிறங்குகையில், சன்னலோரத்திலிருந்து அந்தச் சுழலைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன்: இறக்கை நுனியிலிருந்து நூற்ற பஞ்சுபோல ஒரு வெள்ளை இழை புறப்பட்டு, முறுக்கி முறுக்கிக் கரைந்தது. எஞ்சினின் உழைப்பில் ஒரு பங்கு அந்த இழையை நூற்பதிலேயே விரயமாகிறது.

இதைத் தடுக்க நுனியில் ஒரு தட்டை நிறுத்தலாம் என்று, மனிதன் விமானத்தில் பறப்பதற்கு முன்பே, 1897-ல், இங்கிலாந்தின் பொறியாளர் லான்செஸ்டர் காப்புரிமை பெற்றிருந்தார் என்பதை அறிந்தபோது எனக்குண்டான வியப்பு கொஞ்சமல்ல. எனினும் வெறுந் தட்டு தானும் காற்றில் உராய்ந்து, மிச்சப்படுத்தியதைத் தின்றுவிடும். அந்த முட்டுக்கட்டையை நீக்கியவர், அமெரிக்காவில் நாஸாவின் லாங்லி ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் விட்கம்ப். மாதிரி இறக்கைகளைத் தம் கையாலேயே அரத்தால் ராவி உருத்திருத்தும் பழக்கமுடைய அந்த விஞ்ஞானி, எண்ணெய் நெருக்கடி உலகை வாட்டிய காலத்தில் இதை ஆராய்ந்து, தகட்டைத் தட்டாகக் கருதாமல் ஒரு சிறு இறக்கையாகவே கருதி, சுழலும் காற்றே பாய்மரத்தைத் தள்ளுவதுபோல அதைச் சற்று முன்னோக்கித் தள்ளும்படி கோணம் கணித்து அமைத்தார். நுனிச் சுழலால் விளையும் இழுவை இதனால் ஏறத்தாழ 20 சதவீதம் குறைவதாக அவருடைய 1976-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. என் மதிப்பில், இந்தக் கோணத்தில்தான் அவருடைய மேதை விளங்குகிறது.

அப்புறம் பல விமானங்களில் பல வடிவங்கள் தோன்றின: ஏர்பஸ் ஏ310-300-ல் மேலும் கீழும் நீண்ட சிறு வேலி, போயிங் 737-800-ல் இறக்கையோடு இழைந்து வளைந்தெழும் எட்டடிக் கொம்பு.

இனி, அந்த மொட்டை இறக்கைக்கு வருவோம். அது 747-400டி என்னும் வகை. ஜப்பானின் உள்நாட்டுப் பிரயாணத்துக்கென்றே, ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் அமரும்படி செய்யப்பட்டது. கடல் கடந்து பல மணி நேரம் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு விங்லெட் எரிபொருளைத் துளித்துளியாகச் சேமித்துத் தருகிறது. ஏறியதும் இறங்க வேண்டிய குறுகிய தடத்திலோ அந்தச் சேமிப்பு அதன் எடைக்கும் விலைக்கும் ஈடாவதில்லை. ஆகவே நான் குறையென்று எண்ணியது, தன் தொழிலை நன்கறிந்த ஒரு தீர்மானமே. மொத்தம் பத்தொன்பதே செய்யப்பட்ட அவ்வகையில் கடைசி விமானம், 2014 மார்ச் 31 அன்று ஒகினாவாவின் நாஹாவிலிருந்து டோக்கியோ வந்திறங்கி ஓய்வு பெற்றது.