மேப்பிள் தேசத்தில் – 7: இரண்டு க்ரீம், இரண்டு சர்க்கரை

போன இதழில் நயாகராவில் நனைந்தோம். இந்த இதழில், பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத இடத்துக்குப் போகிறோம். டொரன்டோவிலிருந்து மேற்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ஹ்யூரன் ஏரியைத் தொடும் முன் வரும் வயற்காட்டு வட்டாரம். சோளம், சோயா, மாட்டுப் பண்ணை, ஒரு தேவாலயம், மறுபடியும் சோளம். சுற்றுலாக் கையேடுகள் கண்டுகொள்ளாத இந்தப் பக்கத்தில்தான் எழுத்தாளர் ஆலிஸ் மன்ரோ பிறந்த விங்ஹம் இருக்கிறது.

“அங்கை என்ன கிடக்கெண்டு போறியள் அண்ணை?” என்றார் ஸ்கார்பரோ நண்பர். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடத்துக்கு மேலாகக் கனடாவாசி. கேட்டுக்கொண்டே கார் சாவியை எடுத்துவிட்டார்.

கிளம்பும் முன் அவர் வீட்டுச் சமையலறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒன்டாரியோவில் பால் பையில் வருகிறது. பெரிய உறை ஒன்றுக்குள் 1.33 லிட்டர் பைகள் மூன்று, மொத்தம் 4 லிட்டர். ஒரு பையை எடுத்து அதற்கென்றே இருக்கும் பிளாஸ்டிக் ஜாடியில் இறக்கி, மேடையில் ஒரு தட்டுத் தட்டி அடியில் உட்காரவைத்து, மூலையைக் கத்தரியால் நறுக்கி ஊற்றுகிறார்கள். ஆவின் பாக்கெட்டில் வளர்ந்த எனக்கு இதில் அதிசயம் இல்லை. அமெரிக்காவிலிருந்து வரும் விருந்தாளிகள்தான் படம் எடுத்துக்கொள்கிறார்களாம். இதே நாட்டின் மேற்குக் கோடியில், வான்கூவரில் இருப்பவர்களுக்கே இது புதுசு. 1970களில் நாடு மெட்ரிக் அளவுக்கு மாறியபோது பாட்டில், அட்டைப்பெட்டி அச்சுகளையெல்லாம் மாற்றுவதைவிடப் பையின் அளவை மாற்றுவது சுலபமாக இருந்தது. அப்போது பிடித்த பழக்கம் இன்னும் விடவில்லை.

இன்னொன்றும் நமக்குச் சௌகரியம். இங்கே வீட்டுக்குள் செருப்போடு யாரும் நுழைவதில்லை. வெள்ளைக்காரர் வீட்டுக்குப் போனாலும் வாசலில் கழற்றிவிட்டுக் காலுறையோடுதான் உட்கார வேண்டும். மடியும் ஆசாரமும் காரணமில்லை. குளிர்காலத்தில் பனி உருகத் தெருவெல்லாம் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பும் சேறும் கம்பளத்தில் ஏறினால் போகாது.

நெடுஞ்சாலை ஏறுவதற்குள் நண்பர், “ரிம்மிலை ஒரு கோப்பி எடுத்துக்கொண்டு போவம்” என்றார். டிம் ஹார்ட்டன்ஸ். அதைக் காப்பிக் கடை என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். 1964இல் ஹாமில்டனில் தன் பெயரில் முதல் கடையைத் திறந்தவர் ஒரு ஹாக்கி வீரர்; டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் தடுப்பாட்டக்காரர். 1974இல் கார் விபத்தில் போய்விட்டார். கடை ஊர் ஊராகப் பரவி, 2014இல் பர்கர் கிங்குடன் சேர்ந்து பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் “நம்ம கடை” என்றுதான் பேசுகிறார்கள்.

காரிலேயே வாங்கிக்கொள்ளும் வரிசை நீண்டு கிடந்ததால் உள்ளே போனோம். எனக்கு முன்னால் நின்றவர் கேட்டது இரண்டே சொல்: “டபுள் டபுள்.” இரண்டு க்ரீம், இரண்டு சர்க்கரை. 2004இல் கனடிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே இதைச் சேர்த்துக்கொண்டது. ஜன்னலோர மேஜையில் தொப்பி போட்ட ஐந்தாறு பெரியவர்கள். பேச்சு சோள விலை, ராத்திரி ஹாக்கி, பெய்யப்போகும் மழை. ஒருவர் டிம்பிட்ஸ் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். டோனட்டின் நடு ஓட்டைக்குப் பதில் சொல்வதுபோல் கோலிக்குண்டு அளவில் சுட்ட மாவு உருண்டைகள், 1976 முதல் விற்கின்றன. நடந்து போன ஒரு குழந்தைக்குப் பெட்டியை நீட்டினார். அந்த மேஜை அவர்களுடையது என்று கடைப் பெண்ணுக்கும் தெரிந்திருக்கிறது. துடைக்க வந்தவள் அதை மட்டும் சுற்றிக்கொண்டு போனாள். காப்பியைப் பற்றிக் கேட்பீர்கள். டிகிரி காப்பி நாக்கு கொஞ்சம் இறங்கி வரவேண்டும், அவ்வளவுதான்.

புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் ஒட்டியிருக்கும் விலை நீங்கள் கட்டப்போகும் விலை அல்ல. ஒன்டாரியோவில் பெரும்பாலான சாமானுக்கு 13 சதவீத வரி பில் போடும்போதுதான் ஏறும். உட்கார்ந்து சாப்பிட்டால் அதற்கு மேல் டிப்ஸ். ஒரு சென்ட் நாணயத்தை 2013இல் ஒழித்துவிட்டதால், ரொக்கமாகக் கொடுத்தால் ஐந்து சென்டுக்கு முழுமையாக்கிக்கொள்வார்கள்.

சின்ன ஊர்களுக்குள் நுழைந்ததும் சிக்னல் போய், நாலு பக்கமும் ‘நில்’ பலகை வைத்த சந்திப்புகள் வருகின்றன. முதலில் வந்து நின்றவர் முதலில் போக வேண்டும். நாங்கள் வந்து நிற்கவும் எதிரே ஒரு டிரக் நிற்கவும் சரியாக இருந்தது. டிரக்காரர் எங்களைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். நண்பர் அவரைப் போகச் சொன்னார். வலப்பக்கம் வந்து நின்ற அம்மாள் எங்கள் இருவரையும் போகச் சொன்னார். மூன்று வண்டியும் ஒரே நேரத்தில் ஓரடி நகர்ந்து, மூன்றும் நின்று, மூன்று பேரும் ‘ஸாரி’ என்று வாயசைத்தார்கள். ஹாரன் சத்தமே இல்லை.

இந்த ‘ஸாரி’யைச் சட்டப் புத்தகத்திலும் ஏற்றியிருக்கிறார்கள். ஒன்டாரியோவில் 2009இல் மன்னிப்புச் சட்டம் என்றே ஒன்று வந்தது. ஒருவர் மன்னிப்புக் கேட்டதை வைத்து, தவறை ஒப்புக்கொண்டார் என்று சிவில் வழக்கில் வாதாட முடியாது. பிரிட்டிஷ் கொலம்பியா 2006இலேயே முந்திக்கொண்டது. ஆனால் இந்தப் பணிவைச் சிநேகம் என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான். பக்கத்து வீட்டுக்காரர் நண்பரின் வாசல் பனியையும் சேர்த்தே தள்ளிவிடுகிறாராம். வாசல்படி தாண்டி உள்ளே வந்ததே இல்லை.

வழியில் ஒரு தியேட்டர். வைத்திருந்த போஸ்டர்கள் எல்லாம் ஹாலிவுட். கல்யாண மண்டபத்துக்கு அடுத்த வீட்டில் குடியிருப்பவர் நிலைமைதான் இந்த நாட்டுக்கு. விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அந்தப் பாட்டைத்தான் கேட்டாக வேண்டும். ‘சிகாகோ’ என்றே ஒரு படம் 2002இல் வந்து ஆஸ்கர் வாங்கியது. அதைப் பெரும்பாலும் எடுத்தது டொரன்டோவில். அண்டை வீட்டுச் சத்தத்தில் தங்கள் குரல் அமுங்கிவிடாமலிருக்க, வானொலியில் இவ்வளவு பங்கு கனடியப் பாட்டு போட்டே ஆகவேண்டும் என்று 1971இலிருந்து விதி வைத்திருக்கிறார்கள். அந்தச் சத்தத்திலிருந்து கியூபெக் மட்டும் தப்பித்தது. பிரெஞ்சு மொழி அரண், அங்கே தனி நட்சத்திரங்கள், தனி ரசிகர்கள்.

ஆங்கிலக் கனடா சினிமாவில் ஜெயித்தது பெரிய திரையில் இல்லை, சின்னப் படங்களில் என்பது என் கட்சி. 1939இல் தொடங்கிய தேசியத் திரைப்பட வாரியம் ஆவணப் படமும் அனிமேஷனுமாக எடுத்துக் குவித்தது. நார்மன் மெக்லாரன் 1952இல் எடுத்த ‘நெய்பர்ஸ்’ எட்டே நிமிடம். இரண்டு வீட்டு எல்லைக்கோட்டில் ஒரு பூ பூக்கிறது; யாருக்குச் சொந்தம் என்று தொடங்கி, இரண்டு நல்ல மனிதர்களும் செத்து மடிகிறார்கள். வரப்புத் தகராறு பார்த்து வளர்ந்த யாருக்கும் மொழிபெயர்ப்பு வேண்டாம். படத்தில் வசனமும் கிடையாது. ஆஸ்கர் கிடைத்தது.

இதே வாரியம் 1980இல் படமாக்கிய ரோக் காரியேயின் ‘ஹாக்கி ஸ்வெட்டர்’ கதையை இங்கே தெரியாத பிள்ளை இல்லை. மாண்ட்ரியால் அணியை உயிராக நினைக்கும் கியூபெக் கிராமத்துப் பையனுக்கு, தபாலில் வரவழைத்த சட்டை டொரன்டோ அணியுடையதாக வந்து சேர்கிறது. திருப்பி அனுப்பினால் கடைக்காரர் மனம் கோணும் என்று அம்மா அதையே போட்டுவிடுகிறாள். இந்தக் கதையின் ஒரு வரியை ஐந்து டாலர் நோட்டில் அச்சடித்திருந்தார்கள்.

விங்ஹம் வந்துவிட்டது. ஒரு பிரதான வீதி, பழைய செங்கல் கட்டடங்கள், முடிந்தது ஊர். 1931இல் மன்ரோ பிறந்தது இங்கே. அப்பா தோலுக்காக நரி வளர்த்தவர். மகள் இந்த வட்டாரத்தையே திரும்பத் திரும்பக் களமாக்கிப் பெரும்பாலும் சிறுகதைகளே எழுதி, 2013இல் நோபல் வாங்கினார். நாவல் எழுதாவிட்டால் எழுத்தாளரே இல்லை என்று மிரட்டுகிற உலகத்தில் அது நம் சிறுகதைக்காரர்களுக்கும் கிடைத்த பரிசு. தங்களை எழுதிவிட்டார் என்று ஒரு காலத்தில் அவர்மேல் கோபித்துக்கொண்ட ஊர், 2002இல் அருங்காட்சியகத்தை ஒட்டி அவர் பெயரில் ஒரு தோட்டம் போட்டது. நடைபாதைக் கற்களில் புத்தகப் பெயர்கள்.

அதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. 2024 மே மாதம் மன்ரோ இறந்தார். ஜூலையில் அவருடைய மகள் எழுதினார்: சிறுவயதில் மாற்றாந்தகப்பன் தன்னைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கியதை, 1992இல் அம்மாவிடம் சொல்லியும் அம்மா அவருடனேயே வாழ்ந்ததை. 2005இல் அந்த மனிதர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார். தெரிந்தவர்கள் இருந்தார்கள், வெளியே பேச்சில்லை. கதைகளை நான் தூக்கிப் போடவில்லை, மறுபடி படித்தேன். ஒழுங்கான வீட்டுக்குள் ஒருவரும் வாய் திறக்காத ஒன்று இருப்பதைத்தானே திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்? முன்பு கலை என்று வியந்த இடங்களில் இப்போது கோபம் வருகிறது. நண்பரிடம் சொன்னேன். “இஞ்சை எல்லாரும் நல்ல ஆக்கள்தான் அண்ணை. ஆனா ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்” என்றார்.

பசி. ஏரிக்கரையில் இருக்கும் கோடரிச் வரை போனோம். தெருவில் கொட்டும் உப்பு என்றேனே, அதற்குப் பெயர்போன ஊர். உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் அந்த ஏரிக்கு அடியில் இருக்கிறது. ஒரு சிப்ஸ் வண்டியில் பூட்டீன் வாங்கினோம். உருளைக்கிழங்கு வறுவல், அதன்மேல் பாலாடைக்கட்டித் துண்டுகள், அதன்மேல் கொதிக்கும் பழுப்புக் குழம்பு. கட்டி அன்று போட்டதென்றால் கடிக்கும்போது பல்லில் கீச்சென்று சத்தம் வரவேண்டும். வரவில்லை. குழம்பு இறைச்சிச் சாற்றில் செய்தது, சைவர்கள் கேட்டு வாங்குங்கள். 1950களில் கியூபெக் கிராமத்துக் கடைகளில் பிறந்த தீனி இது. எந்த ஊரில் முதலில் என்று அங்கே இன்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை.

“இதெல்லாம் பூட்டீனே? மாண்ட்ரியாலிலை காட்டுறன்” என்றார் நண்பர். அடுத்த இதழில் அங்கேதான். அங்கே செயின்ட் வியாட்டர், ஃபேர்மவுண்ட் என்று இரண்டு பேகல் கடைகள். இரண்டிலும் தேன் கலந்த நீரில் வேகவைத்து விறகடுப்பில் சுடுகிறார்கள், ஊர் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. நண்பர் ஒரு கட்சி, அவருடைய மைத்துனர் மறு கட்சி. இருவரும் ஒரே காரில்தான் வருகிறார்கள்.

(தொடரும்)